என் கொலையை நானே விசாரித்த ஞாயிற்றுக்கிழமை

லண்டன்,
17 அக்டோபர் 1956, புதன்கிழமை.

பேரன்பு மிக்க ஹில்டா அக்காவுக்கு, உன் தம்பி ஹோரஸ் வணக்கத்துடன் எழுதுவது. உடம்பளவில் நான் நலம். உன் நலமும், நார்மன் அத்தானுடைய முழங்காலின் நலமும் அறிய ஆவல். நீ பின்னி அனுப்பிய காலுறைகள் வந்து சேர்ந்தன. ஒன்று எனக்குச் சரியாக இருக்கிறது. மற்றது என்னைவிடப் பெரிய யாருக்கோ சரியாக இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிறிஸ்துமஸ் விருந்தில் அத்தான் வான்கோழியை வெட்டிக்கொண்டே சொன்னது உனக்கு நினைவிருக்கும். “ஹோரஸு, அம்பத்தஞ்சு வயசு வரைக்கும் பாரு. அதுக்குள்ள நிலையா ஒரு வேஷம் கிடைக்கலேன்னா பேசாம என் இரும்புக் கடைக்கு வந்து ஆணி நிறுத்துப் போடு.” நானும் கை கொடுத்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை எனக்கு ஐம்பத்தைந்து. இருபத்தாறு வருடத்தில் பதினேழு பட்லர், ஒன்பது பாதிரியார், நான்கு தபால்காரர், கணக்கில்லாத பிணங்கள். பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருவர் உற்றுப் பார்த்து, “உங்கள எங்கேயோ பாத்திருக்கேனே, மீன் கடையிலயா?” என்பார். இதுவரை ஒருவர்கூட என் பெயரைச் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி டெலிவிஷன் நாடகம்தான் எனக்குக் கடைசி வாய்ப்பு. புதிதாக வரப்போகும் பதின்மூன்று வாரத் துப்பறியும் தொடருக்கு ஆள் எடுக்க, பெரிய அதிகாரி தன் வீட்டில் உட்கார்ந்து பார்க்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கிடைத்ததோ பன்னிரண்டாவது நிமிடத்தில் விஷம் குடித்து, சோபாவுக்குப் பின்னால் விழும் பட்லர். சரி, சாவதையாவது ஒழுங்காகச் செத்துத் தொலைப்போம் என்று மூன்று வாரம் தேவாலயக் கூடத்தில் ஒத்திகை பார்த்தேன். பிணத்துக்கு வேறென்ன வேலை? படுத்தபடியே எல்லோருடைய வசனத்தையும் கேட்டுக்கேட்டு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஞாயிறன்று சொன்னபடி செத்தேன். நேரலை நாடகம் அக்கா, தும்மினால்கூட ஊரே கேட்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன், கேமரா அடுத்த காட்சிக்கு, பக்கத்தில் போட்டிருந்த நூலக அறைக்கு நகர்கிறது, அப்போது தரையோடு தரையாக ஒரு உருவம் என்னை நோக்கி ஊர்ந்து வருகிறது. பார்த்தால், அரங்கை மேற்பார்வை பார்க்கும் பெரில் என்ற பெண், காதில் ஹெட்போனும் முகத்தில் பேயறைந்த களையுமாக.

“மிஸ்டர் விட்டில், டில்புரூக் வெளியில மாட்டிக்கிட்டாரு. இன்ஸ்பெக்டர் நீங்கதான்.”

“நான் செத்துக் கெடக்கேன்மா.”

“தெரியும். உருண்டு வாங்க. ஏழு நிமிஷம் இருக்கு.”

நடந்தது இதுதான். இன்ஸ்பெக்டராக நடிக்கும் ரூபர்ட் டில்புரூக், தன் காட்சி முப்பத்தோராவது நிமிடத்தில்தானே என்று ஐந்து மணிக்கு முன்னால் சிகரெட் பிடிக்க வெளியே போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வாசலில் நிற்பவர் முன்னாள் சார்ஜண்ட். விளக்கு எரியும்போது கதவைத் தொடக்கூடாது என்று முன்பு யாரோ உத்தரவு போட்டதால் அவர் தொடவில்லை. “யோவ், நான் இன்ஸ்பெக்டர்யா!” என்று டில்புரூக் கத்தியிருக்கிறார். “நிஜ இன்ஸ்பெக்டரே வந்தாலும் பச்சை விளக்கு வரைக்கும் நிக்கணும் சார்,” என்றிருக்கிறார் சார்ஜண்ட். உள்ளேயிருந்து திறக்கலாமே என்பாய். அந்தக் கதவு திறந்தால் மாட்டுவண்டிபோல் கிரீச்சிடும். அதற்கு இரண்டடி தள்ளித்தான் கதாநாயகி மிஸ் பெல் அம்மையார் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். கதவின் வட்டக் கண்ணாடியில் டில்புரூக்கின் முகம் மட்டும் தெரிந்தது, வாயைத் திறந்து திறந்து மூடியபடி.

உருண்டேன் அக்கா. மின்கம்பிகளுக்கு மேலே, கேமரா சக்கரத்துக்குக் கீழே, உருண்டு போனேன். என்னுடைய மழைக்கோட்டு, யாருடையதோ தொப்பி. மீசைக்கு எங்கே போவது என்று பெரில் தலையில் அடித்துக்கொண்டபோது, என் சட்டைப் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்தேன். அத்தான் வருடா வருடம் கேலி செய்வாரே, அதே டப்பா. “எங்க போனாலும் மீசையைச் சட்டைப் பையில வச்சிக்கிட்டுத் திரியறான் பாரு,” என்பாரே. அது அன்று என் மானத்தைக் காப்பாற்றியது. பசைதான் பழசு.

இதில் பெரிய சிக்கல் வேறொன்று. இன்ஸ்பெக்டர் வந்ததும் முதலில் செய்வதே பட்லரின் பிணத்தை மூடிய துணியை விலக்கிப் பார்ப்பதுதான். பிணமும் நான், பார்ப்பவனும் நான். நாற்காலி மேசை நகர்த்தும் ஆல்ஃப் என்பவனைப் பிடித்துத் துணிக்கடியில் தள்ளினார்கள். அவன் வாயில் பாதி சாண்ட்விச் இருந்தது; விழுங்க நேரமில்லை. அவனுடைய பழுப்பு பூட்ஸ் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பட்லர் கறுப்பு ஷூ போட்டுச் செத்தவன்.

நுழைந்தேன். மிஸ் பெல் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் மூச்சை நிறுத்திவிட்டார். தன் கண்ணெதிரே செத்தவன் தொப்பியோடு வந்தால் யாருக்குத்தான் நிற்காது? துணியைத் தூக்கினேன். ஆல்ஃபின் கன்னம் அசைந்தது. கேமரா எட்டிப் பார்ப்பதற்குள் துணியைப் போட்டு மூடினேன். அடுத்த வசனம், மூன்று வாரமாக மனப்பாடமாக இருந்த வசனம், சுத்தமாக மறந்துவிட்டது. பெரில் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது என் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்:

“இந்த ஆள எங்கேயோ பாத்திருக்கேனே.”

மிஸ் பெல் சட்டென்று பிடித்துக்கொண்டார். “யாரும் அவரைச் சரியா பாத்ததே இல்ல, இன்ஸ்பெக்டர்,” என்றார். அக்கா, எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு வசனமெல்லாம் தானாக வந்தது. மீசையின் இடது பக்கம் மட்டும் வியர்வையில் கழன்றுகொண்டே இருந்தது. ஆள்காட்டி விரலால் அதை அழுத்திப் பிடித்தபடியே இருபத்தைந்து நிமிடம் விசாரணை நடத்தி, டாக்டரைக் கைது செய்தேன். என்னைக் கொன்றவனை நானே பிடித்துக் கொடுத்தேன். பச்சை விளக்கு வந்ததும் எல்லோரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஆல்ஃப் மீதி சாண்ட்விச்சை எனக்கே கொடுத்தான். என் வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் இருந்ததில்லை.

அது மறுநாள் காலை வரைதான். ஒன்பது வருடமாக எனக்கு தினமும் முட்டை பொரித்துப் போடும் வீட்டுக்காரி மிஸஸ் பிக்கர்டன், தட்டை வைத்துக்கொண்டே, “நேத்து நல்லா செத்தீங்க மிஸ்டர் விட்டில். ஆனா அந்த இன்ஸ்பெக்டர் இருக்காரே! உதட்டு மேல வெரல வச்சு யோசிச்சாரு பாருங்க, அதுதான் நடிப்பு. நீங்களும் அதுமாதிரி கொஞ்சம் முயற்சி பண்ணலாம்ல?” என்றாள். பத்திரிகையின் நிகழ்ச்சி நிரலில் இன்ஸ்பெக்டர் என்பதற்கு நேராக டில்புரூக்கின் பெயர்தானே அச்சாகியிருக்கிறது. பாராட்டுக் கடிதமெல்லாம் அவருக்குப் போகிறது. பெரிய அதிகாரி அவரையே தொடருக்கு எடுத்துவிட்டார். பெரில் நேரில் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். “பிணமா? உளறாதே. நான் ரெண்டு பேரையும் பாத்தேனே,” என்று சிரித்தாராம். டில்புரூக்கும் மறுக்கவில்லை. உதட்டில் விரல் வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

நாட்டையே ஏமாற்றும் அளவுக்கு நன்றாக நடித்தேன், அதனாலேயே ஒன்றுமில்லாமல் போனேன். போதும். வாக்குக் கொடுத்தபடி சனிக்கிழமை பத்தேகால் ரயிலில் பெட்டி படுக்கையோடு வருகிறேன். அத்தானிடம் ஆணி கவுண்டரைத் துடைத்து வைக்கச் சொல். இனி வேஷம் இல்லை. இது உறுதி.

உனக்கும் அத்தானுக்கும் ஆண்டவன் எல்லா நலமும் தரட்டும். பூனைக்கு என் விசாரிப்பு.

உன் அன்புத் தம்பி,
ஹோரஸ் விட்டில்

பி.கு.: உறையை ஒட்டும்போது கீழே போன் வந்தது. தொடரில் வாரம் ஒரு கொலையாம். பதின்மூன்று பிண வேஷமும் நானே போட முடியுமா என்று கேட்டார்கள். முதல் வாரம் பாதிரியார், அடுத்தது பால்காரர், ஏழாவது வாரம் ஒரு பிரபு. “வாரா வாரம் அதே மூஞ்சின்னு ஜனங்க கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?” என்றேன். மறுமுனையில் இருந்த பெண், “உங்களையா?” என்றாள்.

பதின்மூன்று வாரம் அக்கா. நிலையான வேஷம். சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். அத்தான் கடையில் நல்ல பசை இருந்தால் ஒரு டப்பா அனுப்பச் சொல்.