மீசை வைத்த கேக்

திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் சொன்னதைச் செய்யாமலே பேரெடுத்த ஒரே ஆள் எங்கள் கேக் அக்காதான். சொந்தப் பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லிக் கூப்பிட்டவரை நான் கண்டதில்லை. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள், ஊரிலுள்ள தாய் தகப்பனுக்குப் பிறந்தநாள் கேக் கொடுக்க வட்ஸ்அப்பில் அவரைத்தான் பிடிப்பார்கள். ரோசாப்பூப் படம் ஒன்றை அனுப்புவார்கள். அக்கா "ஓம்" என்று பதில் போடுவார். அந்த "ஓம்" போல நம்பக் கூடாத சொல் தமிழில் வேறில்லை.

சீனன்குடா எண்ணெய்க் களஞ்சியத்தில் வேலை செய்து இளைப்பாறிய ஒருவருக்குப் பூவுக்குப் பதிலாக எண்ணெய்க் குதம் ஒன்றை, அந்தப் பெரிய இரும்புத் தாங்கியை, செய்து அனுப்பினார். துரு நிறம், பக்கத்தில் ஏணி, எல்லாம் அச்சொட்டாக இருந்தன. மெழுகுதிரி கொளுத்த ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

"ஏன் அக்கா, அவையள் பூத்தானே கேட்டவை?"

"தம்பி, காலம் முழுக்கக் குதத்தோட கிடந்த மனுசன். அவருக்குப் பூவைக் குடுத்து நான் என்னத்தைச் சொல்லுறது?"

இன்னொரு நாள் பச்சை ஐசிங்கில் புல்வெளி செய்து, ஓட்டோ வரும்வரை மதில்மேல் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். நம் ஊர்த் தெருக்களில் புள்ளிமான்கள் வரி கட்டுகிறவர்கள் மாதிரி உலாவுவது தெரிந்ததுதானே. திரும்பி வந்தபோது பாதிப் புல்வெளியைக் காணவில்லை. வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். அக்காவோ தெருவில் நின்று கத்தினார். "பாத்தீங்களே, மானே புல்லெண்டு நம்பீட்டுது!"

காஸ் கிடைக்காத காலத்தில் ஒரு கப்பல் கேக்கை விறகில் சுட்டார். புகை மணக்கிறது என்று ஒருவர் முறைப்பட, "கப்பல் கேக் புகை மணக்காமல் மல்லிகையே மணக்கும்?" என்று கேட்டுவிட்டார்.

இந்த மனுசியிடம்தான் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கேக் சொல்லப் போனேன். வீட்டில் அப்போது நிலைமை சரியில்லை; அது ஊருக்கே தெரியும். என் தங்கை மாலினி, கொழும்பில் தன்னோடு வேலை செய்த சிங்களப் பெடியனைக் கலியாணம் செய்திருந்தாள். துறைமுகத்தில் வேலை செய்த காலம் முழுக்கச் சிங்கள நண்பர்களோடு சோற்றுப் பார்சலைப் பங்குபோட்டுத் தின்ற அப்பா, மகள் விஷயத்தில் மட்டும் அசையவில்லை. அவள் வாசலை மிதிக்கவும் கூடாது, அவள் பெயரை நாங்கள் எடுக்கவும் கூடாது. "பிறந்தநாளுக்கு வரட்டே அண்ணா?" என்று மாலினி போனில் அழுதாள். வா என்று சொல்ல எனக்கு ஏலவில்லை.

"அக்கா, கப்பல் ஒண்டு போதும். வேறொண்டும் வேண்டாம்."

"ஓம் தம்பி."

பிறந்தநாளன்று எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தேன். கப்பல் இல்லை. ஒரு சாப்பாட்டு மேசை. அதைச் சுற்றி ஐசிங்கில் அப்பா, அம்மா, நான், என் மனைவி. எதிரே மாலினி. அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் பெரிய சொக்கலேட் மீசையோடு ஒரு பெடியன்.

அம்மா கத்தி எடுக்கிற சாட்டில் குசினிக்குள் ஓடினா. நான் மனத்துக்குள் அக்காவைத் திட்டித் தீர்த்தேன். அப்பா கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, நெடுநேரம் பார்த்தார்.

"கேக் அக்காவோ செய்தது?"

"ஓம் அப்பா, நான் கப்பல்தான் சொன்னனான்..."

"அவவுக்கு என்ன தெரியும்? அவனுக்கு மீசை இல்லை."

கத்தியோடு வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டா.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று அம்மா கேட்டா.

போனில் மரண அறிவித்தலும் மழைச் செய்தியும் மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிவந்த மனிதர், மகளின் கலியாணப் படங்களைக் களவாகப் பார்த்துப் பார்த்து மருமகனின் முகத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்!

"இப்ப கேக்கை வெட்டுறதோ, விசாரணை வைக்கிறதோ?" என்று அப்பா பாய்ந்தார். பிறகு, ஒருவர் முகத்தையும் பாராமல் சொன்னார். "அவையள் இருக்கிற பக்கத்தைத் தொடாதேங்கோ. ஃபிரிட்ஜில வையுங்கோ. பழுதாகிறதுக்கு முந்தி வரச் சொல்லு. ரெண்டு பேரையும்."

நடந்ததைச் சொல்ல அக்காவிடம் ஓடினேன். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் காதில் விழுந்தது.

"ஐயோ, மீசை பிழைச்சுப் போச்சே! மாப்பிள்ளையெண்டால் மீசை இருக்குமெண்டு நினைச்சிட்டன்."

மாலினி குடும்பம் வரும்போதெல்லாம் அக்கா மருமகனின் மேலுதட்டைப் பார்த்து இன்றும் பெருமூச்சு விடுகிறார். நாங்கள் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவது அந்தப் பிழையால்தான் என்று எத்தனை தரம் சொன்னாலும் நம்பமாட்டார். வருகிற பிறந்தநாளுக்கும் அவரிடம்தான் கேக் சொல்லியிருக்கிறேன். என்ன கேக் என்று நான் சொல்லவில்லை.