சுடாத விளக்கும் நெற்சாக்கும்

போர் ஓய்ந்த மறு ஆண்டு, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் ஓடங்களுக்கு ஓய்வில்லாமற் போயிற்று. மண்டூரிலிருந்து வந்தனர். பழுகாமத்திலிருந்து உழவு இயந்திரப் பெட்டிகளில் நிறைந்து வந்தனர். அறுவடைக்கு ஆள் கிடைக்காத நிலக்காரப் போடியார்மார் தம் கூலியாட்களைத் தேடிக்கொண்டு வந்தனர். தேடி வந்தவர்களும் வரிசையிலே நின்றுவிட்டனர். அத்தனை பேரும் ஒரு விளக்கைக் காண வந்தவர்கள்.

எண்ணெய் இல்லை, திரி இல்லை, புகை இல்லை. பால் போன்ற வெள்ளொளி. கையை அருகே கொண்டுசென்றாற் சுடாது. குப்பி விளக்கின் கரியிலும், அண்மையில் ஊருக்கு வந்த மின்சாரத்தின் கொதிக்கும் குமிழிலும் பழகிய கைகளுக்கு இது போதாதா? மேலும், மதுரையை எரித்த கண்ணகை அம்மனுக்கு ஆண்டுதோறும் குளிர்த்தி பாடிச் சினம் தணிக்கும் ஊர் அது. "அம்மன் முற்றாகக் குளிர்ந்திட்டாள், இனிச் சுடமாட்டாள்" என்று விளக்குக்கு உரியவரான தண்ணொளிச் சாமியார் அறிவித்தபோது, ஊர் கன்னத்திற் போட்டுக்கொண்டது.

சாமியாரின் பூர்வாசிரமத்தையும் சொல்லிவிடவேண்டும். சுனாமி அடித்த மறு ஆண்டில் அவர் கடற்கரை முகாம் ஒன்றின் களஞ்சியக் காப்பாளர். முகாம் மூடப்பட்டபோது சில பொருட்களுக்குக் களஞ்சியத்திலிருந்து முத்தி கிடைத்தது. அவருக்கு ஞானம் கிடைத்தது. இரண்டும் ஒரே ஓடத்தில் ஏறி வந்தன.

அவருடைய கொட்டிலின் கூரைமேல் கறுத்த கண்ணாடிப் பலகை ஒன்று கிடந்தது. அது அம்மனின் 'ஆகாயப் பீடம்'. வீதியிலிருந்து மின்கம்பி ஒன்று வந்தது. அது ஒலிபெருக்கிக்காம். விளக்கின் அடியிலே பட்டுச் சுற்றிய பெட்டி ஒன்று இருந்தது. அது என்னவென்று கேட்பது பாவமாம்.

சீனித்தம்பியும் அவர் மனைவி இராசாத்தியும் பத்து வயது மகள் ஆர்த்திகாவை அங்கே கூட்டி வந்தனர். போர்க்காலத்தில் தலையிற் காயம்பட்ட பிள்ளைக்கு வலிப்பு. ஆசுபத்திரி மருந்து வில்லைகளின் தயவில் ஓராண்டாக அது வரவில்லை. அந்தத் தயவை முடித்துவைக்கச் சாமியார் திருவுளங்கொண்டார்.

"மருந்தெண்டாச் சூடு. அம்மன் குளிர்ச்சி. ரெண்டும் ஒரு உடம்பில இரிக்காது. வாற பறுவத்தில வில்லை எல்லாத்தையும் வாவியில கொட்டிப்போட்டு வாங்க."

பறுவம் என்னும் முழுநிலா நாளுக்குப் பத்து நாள் இருந்தது. இராசாத்தி வில்லைகளை ஒரு துணியில் முடிந்து வைத்தாள். அவளுடைய தங்கை கம்சாயினி, சுனாமி முகாம்களில் சூரிய விளக்குப் பொருத்தும் வேலை செய்தவள், அந்த முடிச்சைக் கண்டதும் நேரே கொட்டிலுக்கு நடந்தாள்.

"சாமி, இது எல்.ஈ.டி. விளக்கு. இப்பிடி நூறு பூட்டியிரிக்கன். மேல கிடக்கிறது சூரியத் தகடு."

சாமியார் சினக்கவில்லை. "சூரியனா மகளே? ஏறி மூடிப் பார்."

தகட்டை நெற்சாக்கால் மூடினார்கள். மூன்று நாளும் விளக்கு எரிந்தது.

"அப்ப கரண்டு" என்றாள் கம்சாயினி.

சாக்கை எடுக்கச் செய்து, சாமியார் தாமே பியூசைக் கழற்றிக் காட்டினார். மேலும் மூன்று நாள் விளக்கு எரிந்தது. அரோகரா வாவியின் அக்கரைக்குக் கேட்டது.

"என்ன கா கம்சா, படிச்ச படிப்பெல்லாம் ஆறு நாளையில முடிஞ்சிதா?" என்றாள் சாமியாரின் முதல் அடியாராகிய தங்கப்பிள்ளை மாமி.

இடக்காலைத் தூக்கும்போது வலக்காலிலும், வலக்காலைத் தூக்கும்போது இடக்காலிலும் நிற்பவன் பறக்கிறான் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. கம்சாயினி ஓரிரவு யோசித்துத் திரும்பி வந்தாள்.

"ரெண்டையும் ஒருமிக்கச் செய்வம் சாமி. சாக்கையும் போடுவம், பியூசையும் கழட்டுவம். ரெண்டு நாள்."

"அம்மனைச் சோதிக்கப்படாது."

"முதல் ரெண்டு தரமும் சோதிச்சதுக்குப் பேர் என்ன?"

சாமியார் வாய் திறக்குமுன் சீனித்தம்பி முன்னே வந்தார். "ஒருக்காச் செய்து பாப்பம் சாமி. என்ர புள்ளைட உசிர்."

கூட்டம் சாமியாரைப் பார்த்தது. பகலில் ஆள் அயர்ந்த வேளையிற் சாக்கைச் சற்று விலக்கினாற் போதும் என்று கணக்கிட்டவர், "ஆகட்டும்" என்றார்.

அவர் கணக்கில் வராதது அடியார்களின் பக்தி. கம்சாயினி ஏதும் சூது செய்துவிடுவாள் என்று அஞ்சிய தங்கப்பிள்ளை மாமி, கொட்டிலைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்களை இருத்தினாள். ஏணியடியில் தன் இரு மகன்மாரை நிறுத்தினாள். பியூசைத் தன் மடியிலே முடிந்துகொண்டாள். மறுநாட் காலை சாமியார் செம்போடு ஏணிக்கு வந்தார்.

"பீடத்துக்கு அபிஷேகம் செய்யவேணும்."

"நீங்க கரைச்சல்படாதீங்க சாமி. ரெண்டு நாளைக்கு ஒரு காகத்தையும் மேல விடமாட்டம்."

"அப்ப அந்தப் பியூசத் தா. தண்ணி தெளிச்சுத் தாறன்."

"என்ர கையில இரிக்கத்தக்கனயே தெளியுங்க" என்று மாமி நீட்டினாள்.

சாமியார் தெளித்தார். வேறென்ன செய்வார்? தாம் வளர்த்த பக்தியாலேயே முற்றுகையிடப்பட்ட முதல் மகான் அவராகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டாம் நாட் பிற்பகல் விளக்கு மங்கிற்று. கொட்டிலுக்குள் குளிர்த்திப் பாட்டு உரத்தது. பாட்டு உரக்க உரக்க ஒளி குறைந்தது. நாலு மணிக்கு அணைந்தது.

"அம்மன் கோவிச்சுப் போயிட்டாள், இந்தப் பெட்டையால" என்றார் சாமியார்.

கம்சாயினி அவரைப் பார்க்கவேயில்லை. "மாமி, உங்கட மடியில இரிக்கிறதப் போடுங்க. சாக்கு அப்பிடியே கிடக்கட்டும்."

மாமி பியூசைப் போட்டாள். விளக்கு எரிந்தது. கழற்றினாள். அணைந்தது. மீண்டும் போட்டாள். அம்மன் இவ்வளவு சுறுசுறுப்பாக வந்துபோனதை மாமி தன் ஆயுளில் கண்டதில்லை. பின்பு பெட்டியைச் சுற்றியிருந்த பட்டை உருவினாள். உள்ளே மின்னைச் சேமிக்கும் பெற்றறி இருந்தது. அதன்மேல், 'சுனாமி நிவாரணம். விற்பனைக்கு அல்ல' என்ற சீட்டு.

"வெயிலும் நிரப்பும், கரண்டும் நிரப்பும்" என்றாள் கம்சாயினி. "ஒண்டு போனா மற்றது பாக்கும். ரெண்டும் போனா, கையிருப்பு முடியுமட்டும் எரியும். நல்ல சாமான் மாமி. பொய் சொன்னது விளக்கில்ல."

சாமியார் அதற்குள் துறைக்கு விரைந்திருந்தார். ஓடம் இருந்தது, ஓடக்காரரோ கொட்டிலில் நின்று பியூசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இராசாத்தி வாவிக்கென்று கொண்டுவந்திருந்த துணி முடிச்சை அவிழ்த்தாள். ஆர்த்திகாவின் கையில் ஒரு வில்லையை வைத்து, மாலை வேளைக்குரியதை எல்லாரும் பார்க்க விழுங்கச் செய்தாள். அதே கையால் தங்கையின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

கதை இவ்விடத்தில் முடிந்திருக்கலாம். ஆனால் தங்கப்பிள்ளை மாமி கண்ணீர் மல்கக் கம்சாயினியின் காலடியில் இருந்துவிட்டாள். பின்னால் வரிசையும் உருவாகத் தொடங்கிற்று.

"நீதான் புள்ள எங்கட அம்மன். உன்ர கையால என்ர நெத்தியில ஒரு பொட்டு வைச்சுவிடு."

"நெத்திக்கு மேல வைக்க என்னட்ட ஒண்டுமில்ல மாமி" என்றாள் கம்சாயினி. "நெத்திக்கு உள்ள இரிக்கிறத இனியாவது கொஞ்சம் எடுத்துப் பாவியுங்க."