பேக்கிங் அக்காவின் ஒன்றரை ஷிப்டு

நன்றாக இருக்கும் மனிதனை ஒரே வாக்கியத்தில் நோயாளியாக்கும் திறமை திருப்பூரிலேயே பேக்கிங் அக்கா ஒருவருக்குத்தான் உண்டு. அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் ஒப்பந்தப் பணியாளர். அதற்கு முன் நெருப்பெரிச்சல் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலை. வேலையை விட்டார், பேச்சை விடவில்லை. குழந்தைகள் அவருக்கு ‘பீஸ்’. டாக்டர் வந்து பார்ப்பது ‘செக்கிங்’. ஊசிக்கு அலறும் பிள்ளை, ‘தையல் பிரிஞ்ச பீஸ்’.

என் மகளுக்கு டெங்கு. அவளுக்குப் பிளேட்லெட் இறங்க இறங்க, எனக்கு உயிர் இறங்கியது. அவளைத் துடைத்து, வாந்தியை அள்ளி, கஞ்சி ஊட்டியது அக்காதான். இடையில் எனக்கும் ஒரு டம்ளர்.

“குடிங்க சாமி. நீங்க விழுந்தா இங்க பெட் இல்லீங்க.”

ஒரு காலையில் மருந்து வாங்கிக்கொண்டு ஓடி வந்தால், கட்டில் காலி. விரிப்பை உருவியபடியே அக்கா சொன்னார்: “ஏனுங்க, இப்பத்தான் வர்றீங்களா? உங்க பீஸ் பேக்கிங் ஆயிருச்சுங்க.”

கண் விழித்தபோது அந்தக் கட்டிலில் நான் கிடந்தேன். அம்மாவோடு சீட்டு வாங்கப் போயிருந்த மகள், பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தாள். பேக்கிங் என்றால் டிஸ்சார்ஜாம்.

“எந்திரிங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க.”

“நல்ல பீஸை எடுக்க வந்தவரு டேமேஜ் ஆயிட்டாரு கண்ணு,” என்றார் அக்கா.

அடுத்த வாரம் மறு பரிசோதனைக்குப் போனபோது, அக்கா வாசல் வேப்பமரத்தடியில் சக பணியாளர்களோடு உட்கார்ந்திருந்தார். ஆள் பற்றாக்குறை என்று தினமும் ஒன்றரை ஷிப்டு வேலை வாங்கிவிட்டு, ஒரு ஷிப்டுக்குத்தான் கூலி. உட்கார்ந்தால் வேலை போய்விடும் என்று சொல்லியும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒப்பந்தக்காரரின் மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்து கைகூப்பினார். “நீங்க செய்யறது வேலையில்லீங்கம்மா. சேவை.”

“சேவைங்களா? அப்ப இடியாப்பமாட்டம் தேங்காப்பால் ஊத்தித் தின்னுட்டுப் போங்க,” என்றார் அக்கா. “பனியனுக்குக் கை வெச்சுத் தைக்கறவளுக்கு ஒன்றரை ஷிப்டுன்னா ஒன்றரைக் கூலி. அந்தப் பனியனைப் போட்ட கொழந்தையத் தூக்கறவளுக்கு மட்டும் ஏனுங்க சேவை?”

“நாளையிலிருந்து வராதீங்க. வேற ஆள் போட்டுக்கறோம்.”

“போட்டுக்குங்க. சன்னலோரக் கட்டில் பையனுக்கு அந்த ரோஸ் மருந்து குடுக்கற நேரம். இன்னிக்கு நீங்களே குடுத்துருங்க.”

வீறாப்பாக உள்ளே போன மேனேஜர் திரும்பி வந்தபோது சட்டை ரோஸ் கலரில் இருந்தது.

“சாயம் நல்லா ஏறியிருக்குதுங்க,” என்றபடி அக்கா எழுந்து உள்ளே போனார். பையனுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தார். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று அதன் பிறகு யாரும் சொல்லவில்லை.

மகளை இழுத்துக்கொண்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீங்க எதுக்குங்க இங்க?”

“நான் டேமேஜ் பீஸுங்க அக்கா. வேற யாரு எடுப்பாங்க?”

அக்கா வெயிலுக்குள் நகர்ந்து, நிழலில் எங்களுக்கு இடம் விட்டார்.