ரொட்டிக்கு மசிந்த பேரிங்

இனி எந்த மெக்கானிக்கின் கையும் தன் காரின்மேல் படாது என்று சர்வேயர் சபதம் எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மனசுக்குள் எடுத்திருந்தால் பரவாயில்லை. தெருமுனைப் பட்டறைக்கே போய், மெக்கானிக்கின் முகத்துக்கு நேராக எடுத்துவிட்டு வந்துவிட்டார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஊரை அளந்த கை சும்மா இருக்குமா? அலமாரி வாங்கினால் அளப்பார். ஜன்னல் திரை கிழிந்தால் கிழிசலை அளப்பார். காதில் பென்சில் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் அவர் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மட்டும்தான்.

காருக்கு வந்த வியாதி இதுதான். கிளட்சை மிதித்தால் கீச் கீச்சென்று ஒரு சத்தம். சர்வேயரம்மா முதல் நாள், பூனைக்குட்டி மாட்டிக்கொண்டது என்று கிண்ணத்தில் பாலோடு ஓடிவந்தாள். பூனை இல்லை, பேரிங். இஞ்சின் தண்டின் நுனியில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் மோதிரம் போல ஒரு சின்ன பேரிங் உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸின் தண்டு அதற்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு சுற்றும். அது தேய்ந்துவிட்டது. பழசை எடுத்துவிட்டுப் புதுசைப் போட வேண்டும். புதுசு வாங்கி வைத்தாயிற்று. பழசு வெளியே வர வேண்டுமே.

ஞாயிறு சாயங்காலம் மகள் கைக்குழந்தையோடு ரயிலில் வருகிறாள். பேத்தி முதன்முதலாக இந்த வீட்டுக்கு வருவது தாத்தா ஓட்டுகிற காரில்தான் என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். அதனால் சர்வேயருக்குத் தூக்கம் போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கியர்பாக்ஸை இறக்கினார். அதே செவ்வாயன்று ஸ்க்ரூடிரைவரால் பேரிங்கை நெம்பினார். ஸ்க்ரூடிரைவர் வளைந்தது. புதனன்று கம்பியை வளைத்துக் கொக்கி போட்டு இழுத்தார். கொக்கி நிமிர்ந்தது. வியாழனன்று எண்ணெய் விட்டு ஊறவைத்துக் காத்திருந்தவர், ஷெட்டிலேயே பாயை விரித்துக் குறட்டை விட்டார். வெள்ளியன்று பெரிய கொக்கியாகப் போட்டு, அதில் கயிறு கட்டி, காலை உதைத்து இழுத்ததில் கயிறு அறுந்து பெயின்ட் டப்பாக்களின் மேல் மல்லாந்தார். பேரிங் மட்டும், மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நாலு நாளில் வெளியே வந்தது அதன் வரைபடம்தான். மூன்று கோணத்தில், அளவுகளோடு, மிக அழகாக.

சர்வேயரம்மா தன் தினப்படிப் பிரார்த்தனையில் மகள், மகன், பேத்தி எல்லாருக்கும் அப்புறம் பேரிங்கையும் சேர்த்துக்கொண்டாள். அது சர்வேயரின் காதில் விழுந்துவிட்டது.

"கடவுளுக்கு வேற வேலை இல்லையா? ஸ்பேனரைத் தூக்கிட்டு ஷெட்டுக்கு வருவாரா?"

"வரமாட்டார். யாருக்காவது புத்தி குடுப்பார்" என்றாள் அவள் சாந்தமாக. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்ப்பதாகவும், அதற்குமேல் பட்டறைக்கு ஆள் அனுப்பிவிடப் போவதாகவும் அதே மூச்சில் சொல்லிவிட்டாள். பச்சைக்குழந்தையை ஸ்டேஷனில் காக்க வைக்க அவளால் முடியாது.

முப்பத்து நாலு வருஷக் குடித்தனத்தில் அவள் கண்டுகொண்டது ஒன்று உண்டு. அவரிடம் ஒரு யோசனை சொன்னால் முதல் நாள் சீறுவார். இரண்டாம் நாள் முகர்ந்து பார்ப்பார். மூன்றாம் நாள் அதையே தன் யோசனையாக அவளுக்கு விளக்கிச் சொல்வார். இது தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. தெரியாதவர் சர்வேயர் ஒருவர்தான். ஆனால் இப்போது மூன்று நாள் ஏது?

சனிக்கிழமை காலை காப்பியோடு ஷெட்டுக்கு வந்தாள்.

"ஏங்க, பட்டறைத் தம்பியை வழியில பாத்தேன்."

காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "அவன் பேச்சை இங்க எடுக்காதே."

"எடுக்கல. அவன் சொன்னதைக் கேட்டுச் சிரிப்புதான் வந்துச்சு. ரொட்டியைத் தண்ணியில நனைச்சு அந்தக் குழிக்குள்ள திணிப்பானாம். மேல ஒரு கோலை வச்சு அடிப்பானாம். ரொட்டிக்குப் போக வழியில்லாம, பின்னாலேருந்து பேரிங்கைத் தள்ளிக்கிட்டு வருமாம்."

அடியில் தட்டுகிற சத்தம் நின்றது.

"கொக்கி போட்டு இழுத்தே வராதது ரொட்டிக்கு வருமா? பைத்தியக்காரத்தனம்."

"நானும் அதையேதான் நெனச்சேன். அதுவும் அந்தக் கோலு, பேரிங் ஓட்டைக்குள்ள காத்துகூட நுழையாத மாதிரி பொருந்தணுமாம். அவ்வளவு துல்லியமா யாரால அளக்க முடியும்?"

இப்போது தலை வெளியே வந்தது. ஒரு கன்னம் முழுக்க கிரீஸ்.

"யாரால முடியுமா?"

"உங்களைச் சொல்லலீங்க. நீங்க அளந்ததெல்லாம் மைல் கணக்கு. இது ஒரு விரல் நுழையற ஓட்டை." தம்ளரை ஸ்டூலில் வைத்தாள். பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வருவதாகவும், வந்ததும் பட்டறைக்கு ஆள் அனுப்பப் போவதாகவும் சொன்னாள். "மேஜை மேல ரொட்டி இருக்கு. அதுல மட்டும் கை வச்சுடாதீங்க."

கேட் சாத்திய சத்தம் அடங்குவதற்குள் சர்வேயர் சமையலறையில் இருந்தார்.

ரொட்டி இருந்தது. கோல்? குடைக் காம்பை அளந்தார், தடிமன். துடைப்பக் காம்பு, ஒல்லி. ரொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய மரக்கரண்டி கிடந்தது. பேரிங்கின் ஓட்டை பதினைந்து மில்லி. கரண்டிக் காம்பும் பதினைந்து மில்லி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார். தெய்வச்செயல் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். சொல்லிக்கொண்டே கரண்டியின் தலையை ரம்பத்தால் அறுத்தார்.

முதல் அடியில் ரொட்டிக் கூழ் நெற்றியில் தெறித்தது. இன்னும் திணித்தார். இன்னும் அடித்தார். முக்கால் ரொட்டி உள்ளே போன பிறகு சுத்தியலின் சத்தம் மாறியது. பேரிங் ஒரு நூல் எட்டிப் பார்த்தது. அப்புறம் இரண்டு நூல். மிச்ச ரொட்டியும் போனதும், நாலு நாள் வீம்பையும் விட்டுவிட்டு, கறுத்த கூழைப் பின்னால் இழுத்துக்கொண்டு அவர் கையில் வந்து விழுந்தது. சர்வேயர் ஷெட்டுக்குள் தனியாக ஆடிய ஆட்டத்தைப் பார்க்க ஒருவரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

கூழை வழித்துப் புதைத்தார். புதுப் பேரிங்கைத் தட்டி உட்கார வைத்தார். கேட் திறந்தது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"எப்படிங்க?"

"அறிவு."

அவள் சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பினாள். "ரொட்டியக் காணோமே?"

சர்வேயர் விழித்தார். "பசிச்சுது. சாப்பிட்டேன்."

"முழுசையுமா?"

"முழுசாத்தான்."

சர்வேயரம்மா நெஞ்சில் கை வைத்தாள். ஒரு முழு ரொட்டி போன வயிற்றில் இன்னொரு கவளம் போனால் மனுஷன் பிழைப்பானா? இன்றைக்கு அவருக்கு வெந்நீர்தான் என்று தீர்ப்பாயிற்று. கியர்பாக்ஸைத் தூக்கி மாட்ட வந்த பக்கத்து வீட்டுக்காரருக்குத் தட்டு நிறைய மத்தியானச் சாப்பாடு வந்தது. அவர் சாப்பிட, எதிரே சர்வேயர் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார். நாலு மணி வரைக்கும் தாங்கினார். அப்புறம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்த ரொட்டியை நான் திங்கல."

"தெரியும். நெத்தியில ஒட்டியிருக்கு."

மூடி வைத்திருந்த தட்டைத் திறந்தாள். சூடு ஆறாமல் இருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு சாயங்காலம் கார் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டது. கிளட்சை மிதித்தால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இஸ்திரி போட்ட சட்டையில் சர்வேயர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சர்வேயரம்மா, மடியில் குழந்தையைப் போர்த்த ஒரு மெத்தென்ற துணி. பசியில் உண்மையைச் சொல்லிவிட்டாலும், மனிதருக்கு ஒரு பிடி கௌரவம் மிச்சம் இருந்தது.

"ரொட்டி யோசனை அவனோடதாவே இருந்துட்டுப் போகட்டும். ஆனா அந்தக் காம்பு? ஒரு நூல் கூடல, ஒரு நூல் குறையல. வீட்டுல இருக்கற இத்தனை சாமான்ல அதைக் கண்டுபிடிச்சது யாரு? இந்தக் கண்ணு."

"உங்க கண்ணுதாங்க, யாரு இல்லேன்னு சொன்னா?" அவள் துணியை நீவி மடித்தாள். "வியாழக்கிழமை நீங்க குறட்டை விட்டப்போ அதை அந்த ஓட்டைக்குள்ள விட்டுப் பாத்துட்டு, உங்க கண்ணுல படற மாதிரி ரொட்டி பக்கத்துல வச்சது மட்டும்தான் நான்."