ஞாயிற்றுக்கிழமை ரம்மி

கூடத்தில் இருந்தவர்கள்: கோதண்டபாணி, அவர் மனைவி ஜெயலக்ஷ்மி, மகள் ஆஷா, ஜெயலக்ஷ்மியின் தம்பி வரதன். இவர்கள் போதாதென்று, ஸ்பீக்கரில் போட்ட போனுக்குள் ஒரு வங்கிப் பெண்.

“சார், ஆன்லைன் சூதாட்டத்துக்குப் பணம் அனுப்பறதை அரசாங்கம் தடை பண்ணியிருக்கு. நீங்க ஒவ்வொரு ஞாயிறும் ‘ஜாக்பாட்’னு ஒரு கணக்குக்கு அனுப்பறீங்க. அதை நிறுத்தி வெச்சிருக்கோம்.”

ஜாக்பாட் என்பது கடற்கரை லூப் ரோட்டில் ஆரோக்கியமேரியின் மீன் வறுவல் கடை. புருஷனின் படகுப் பெயரையே கடைக்கும் வைத்திருந்தாள். மயிலாப்பூரில் வெங்காயத்தைக்கூட நாள் பார்த்துச் சேர்க்கும் வீடு கோதண்டபாணியுடையது. ஆறு வருஷமாக ஞாயிறு சாயங்காலம் அவர் வாக்கிங் போவது அந்தக் கடைக்குத்தான். ஜெயலக்ஷ்மிக்குத் தெரிந்தால் அவர் கதை முடிந்தது.

“சூதாட்டமா?” என்றாள் ஜெயலக்ஷ்மி.

மீனா, சூதா? கோதண்டபாணி மூன்று வினாடி யோசித்தார். சூதாட்டத்துக்கு மன்னிப்பு உண்டு.

“ஆமாம். ரம்மி.”

“எத்தனை கார்டுப்பா?” என்றாள் ஆஷா. “பதிமூணா, இருபத்தொண்ணா?”

“அன்னிக்கு எது ஃப்ரெஷ்ஷா வரதோ, அது.”

ஆஷா அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். ஜெயலக்ஷ்மிக்குத் திடீரென்று இருமல் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

“கேசவப் பெருமாள் சன்னதியில சத்தியம் பண்ணுங்கோ அத்திம்பேர்!” என்றான் வரதன்.

இனிமேல் சீட்டைத் தொடுவதில்லை என்று கோதண்டபாணி சத்தியம் செய்தார். அதுவரை தொட்டதும் இல்லை என்பதால் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. வரதனுக்கு அதுவே சந்தேகம்.

“இவ்ளோ ஈஸியா யாரும் விடமாட்டா, அக்கா. அடையார்ல சூதாட்டப் பழக்கத்தை நிறுத்த வைக்கற கவுன்சலர் ஒருத்தர் இருக்கார்.”

கவுன்சலர் கேட்டார்: “ஆடப் போறப்ப எப்படி இருக்கும்?”

“தூரத்துலேயே வாசனை வந்துடும் சார்.”

“தோத்துட்டா?”

“தோக்கறதே கிடையாது. தீர்ந்துபோச்சுன்னாதான் வருத்தம்.”

கவுன்சலர் பேனாவை மூடினார். இவ்வளவு முற்றின கேஸைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்றார். ஞாயிறு சாயங்காலம் இவரைத் தனியாக விடவே கூடாது என்றும் சொன்னார்.

போன் பறிபோனது. வாக்கிங் மொட்டைமாடிக்கு மாறியது. ஞாயிறுதோறும் வரதன் காவலுக்கு வந்தான். கோதண்டபாணி கடல்காற்று வரும் பக்கமாகத் திரும்பி நின்று, கண்ணை மூடி மூச்சை இழுத்தார். பிராணாயாமம் நன்றாக வருகிறது என்று வரதன் மெச்சினான்.

மூன்றாவது ஞாயிறு, வரதன் காபிப்பொடி வாங்கப் போயிருந்த நேரத்தில் அழைப்புமணி அடித்தது. கோதண்டபாணி கதவைத் திறந்தார். வாசலில் ஆரோக்கியமேரி.

“இன்னா சாமி, ஆளையே காணோம்? பேங்க்ல என் கணக்கையும் நிறுத்திட்டாங்க. நான் விக்கறது மீனுதான்னு ஒரு கையெழுத்து போட்டுக் குடு.”

கோதண்டபாணி சட்டென்று வெளியே வந்து கதவை முதுகால் மறைத்துக்கொண்டார்.

“மெதுவா பேசும்மா! அந்தப் பேரையே எடுக்காதே! ஆத்துல தெரிஞ்சா அவ்ளோதான்.”

“தொழிலே நின்னுபோச்சு சாமி. சூதாட்டக்காரின்றாங்க என்னை.”

“என்னையும்தான். அது சரி, இந்த விலாசத்தை உனக்கு யார் குடுத்தா?”

முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. ஜெயலக்ஷ்மி நின்றிருந்தாள். ஆரோக்கியமேரி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“அக்காதான். ‘அவருக்கு முள்ளு எடுக்கத் தெரியாது, பாத்துக் குடு மேரி’ன்னு ஆறு வருஷமா போன் போட்டு சொல்றது யாருன்னு நெனச்சே?”

“கையெழுத்து நான் போடறேன், நீ உள்ள வா. எங்கிட்ட ரம்மின்னு பொய் சொன்னவர் கொஞ்சம் வெளியிலேயே நிக்கட்டும்” என்று ஜெயலக்ஷ்மி அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய், கோதண்டபாணியை வெளியே விட்டு, கதவைச் சாத்தித் தாழிட்டாள்.