பனிமலைக்குப் போன ஆள் தெரிந்தவர்

ஆள் தெரிந்தவர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கே ஒரு வரிசை நின்றாலும் இவர் அதில் இருக்க மாட்டார். வரிசைக்குப் பக்கத்தில், காதில் செல்போனோடு, "நம்மாளு ஒருத்தர் உள்ள இருக்காரு, ஒரு நிமிஷம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு நிற்பார். மருத்துவமனையில் டோக்கன் வாங்க மாட்டார். கல்யாணப் பந்தியில் இலைக்குக் காத்திருக்க மாட்டார். அவருடைய அந்த 'நம்மாளு' அன்றைக்குப் பார்த்து லீவில் இருப்பார், அல்லது மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது மீட்டிங்கில் இருப்பார். ஒழுங்காக வரிசையில் வந்தவர்களெல்லாம் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகு இவருக்கு வேலை முடியும். அதனால் மனம் தளர்வாரா? அடுத்த முறைக்கு இன்னும் பெரிய ஆளாகப் பிடிப்பார்.

திருப்பதியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் கோவர்த்தனன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்றவர். பூர்வீகம் நகரி. மலைக்கு வரும் சொந்தக்காரர்கள், அவர்களுக்குச் சொந்தக்காரர்கள், ரயிலில் அவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள் என்று ஊரே "மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று வருஷம் பூராவும் ஏற்றிவிட்டால் மனிதர் என்னதான் ஆவார்? அவர் மனைவி வசந்தா, தாம்பத்தியத்தில் பாதியை வரிசைகளில் தனியாக நின்று கழித்தவர். கணவர் சொல்லிவிட்டுப் போன 'ஒரு நிமிஷ'த்துக்குள் வசந்தா உள்ளே போய், வந்த வேலையை முடித்து, வெளியே வந்து, செருப்பையும் தேடி எடுத்துவிடுவார்.

சியாட்டிலில் வேலை பார்க்கும் மகள் யாமினியும் மருமகன் பரணியும் அலாஸ்காவுக்குக் கப்பலில் போக எல்லோருக்கும் சேர்த்து ஏற்பாடு செய்துவிட்டுச் சொன்னபோது, கோவர்த்தனன் கேட்ட முதல் கேள்வி குளிரைப் பற்றியதல்ல.

"கப்பல்ல யாருன்னா தெரிஞ்சவங்க இருக்காங்களாம்மா?"

"டிக்கெட் வாங்கியாச்சு நைனா. தெரிஞ்சவங்க எதுக்கு?"

கேட்டீர்களா? டிக்கெட் வாங்கிவிட்டால் போதுமாம்! பெண் அமெரிக்காவில் கெட்டுத்தான் போய்விட்டாள் என்று கோவர்த்தனன் முடிவு செய்தார்.

கப்பல் அவரை இன்னும் நோகடித்தது. எல்லோருக்கும் ஒரே சூப். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. யாரிடமும் யார் பெயரும் சொல்லாமலே நாற்காலி கிடைத்தது. இப்படியும் ஒரு இடத்தில் மனிதன் இருப்பானா? வெளியே கரையோரமாகப் பனி மூடிய மலைகள் போய்க்கொண்டிருக்க, அவர் ஊழியர்களின் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டைகளைப் படித்துக்கொண்டு நடந்தார். பிலிப்பைன்ஸ், ருமேனியா, இந்தோனேசியா. உலகப் படமே மனப்பாடம் ஆயிற்று. கடைசியில் ஒரு நடைபாதையில், படுக்கை விரிப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்த நாற்பது வயதுக்காரரின் சட்டையில் இருந்தது: சீனு, இந்தியா.

"ஏ ஊரு பாபு?" என்றார் தெலுங்கில், குரல் நடுங்க.

"வடமாலபேட்டை சார்."

நகரியிலிருந்து திருப்பதிக்கு வரும் வழியில் இருக்கும் ஊர்! கோவர்த்தனன் கட்டிப்பிடித்த வேகத்தில் வண்டி சாய்ந்து, விரிப்புகள் தரையெல்லாம் பரவின.

கடல்வரை இறங்கி வந்து உடைந்து விழும் பனிமலைக்கு அருகே கப்பல் போகும் என்று அறிவித்திருந்த நாளில் வசந்தா விடிந்ததும் கிளம்பிவிட்டார். இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, குரங்குக் குல்லா. முன்தளத்துக் கம்பியோரம் மகளோடு நின்று இடம் பிடித்து வைத்துக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டார்.

"இங்கியே நில்லுங்க. இன்னிக்கி ஒரு நாளு என்கூட நின்னுக்கினு பாருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"இத்தினி கூட்டத்துல எதுக்கு இடிபட்டுக்கினு? சீனுகிட்ட சொல்லியிருக்கேன். தனி எடம். நீயும் வா."

"நான் வரல."

"சரி, நான் போய்ப் பாத்துட்டு வந்து உன்னக் கூட்டிக்கினு போறேன். ஒரு நிமிஷம்."

வசந்தா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீனு கதவருகே காத்திருந்தார். "பயணிங்க இங்க வரக்கூடாது சார். உங்க மொகத்துக்காகத்தான்."

உங்க மொகத்துக்காக! இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் கோவர்த்தனன் பாஸ்போர்ட்டே எடுத்திருந்தார். இரும்புப் படிகளில் இறங்கி, சலவை அறையின் சோப்பு ஆவியைத் தாண்டி, தாம்புக் கயிறுகள் சுருட்டி வைத்திருந்த ஒரு திறப்புக்கு வந்தார்கள். கூட்டம் இல்லை. நெரிசல் இல்லை. ராஜா மாதிரி நின்றார். எதிரே சாம்பல் நிறத் தண்ணீரும் ஒரு கறுத்த பாறையும் இருந்தன.

நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மலை எங்கப்பா?"

"அந்தப் பக்கம் சார்."

"எந்தப் பக்கம்?"

"கப்பலுக்கு அந்தப் பக்கம். இப்ப திருப்புவாங்க, இங்க வந்துரும்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கல்குவாரியில் வெடி வைத்த மாதிரி ஒரு முழக்கம். உடனே தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான தொண்டைகள் சேர்ந்து போட்ட "ஓ". கோவர்த்தனனுக்கு எதிரே இருந்த தண்ணீர் லேசாக ஒரு முறை ஆடியது. பிறகு கப்பல் மெல்லத் திரும்பி, திறப்பின் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளை எட்டிப் பார்த்த நேரம், சீனுவின் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கி கத்தியது.

"சூப்பர்வைசர் கூப்புடறாரு. வாங்க சார், மாட்டிக்கினா என் வேலை போய்டும்."

வழி தவறி, படி தவறி அவர் மேலே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. கப்பல் மலைக்கு முதுகைக் காட்டி நகர்ந்துகொண்டிருந்தது. மகளும் உள்ளே போயிருந்தாள். வசந்தா மட்டும் கம்பியோரம் நின்றார். கண்கள் ஈரமாக இருந்தன.

"எப்டி இருந்தது?"

"ஒரு தெருவே இடிஞ்சி தண்ணியில உழுந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு சத்தம் இல்ல. பக்கத்துல ஒரு அம்மா, யாரு என்னான்னு தெரியாது, என் கையப் புடிச்சிக்கினா. நானும் விடல."

கோவர்த்தனன் தான் ஏறி வந்த படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். சீனு பேரைச் சொல்லலாமா? சொன்னால் எதைச் சொல்வது? முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை தன் இடத்தில் நின்று, தான் பிடிக்க வேண்டிய கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள் என்பது அவருக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மறுநாள் திமிங்கிலம் பார்க்கச் சின்னப் படகில் போக வேண்டும். துறையில் நீண்ட வரிசை. வசந்தா வந்து பார்த்தால், அதன் வாலில், தூறலில் நனைந்துகொண்டு தன் புருஷன்.

"இன்னாங்க, தெரிஞ்சவங்க யாரும் இல்லியா?"

"இல்ல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இப்படி வா, நவுருது பாரு."

படகில் அவர் வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கையுறைக்கு மேல்தான், இருந்தாலும் கெட்டியாக. யார் சிபாரிசும் இல்லாமல் கறுப்பாக ஒரு முதுகு எழும்பியது. பெரிதாக மூச்சு விட்டது. வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போயிற்று. "யம்மாடி" என்றார் கோவர்த்தனன். வசந்தா தண்ணீரைப் பார்க்கவில்லை; அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அவசரப்படாதீர்கள். ஊர் திரும்பிய வாரத்திலேயே, பக்கத்துக் கடை பாலசுந்தரம் தன் மகனும் அலாஸ்கா போவதாகச் சொன்னார். கோவர்த்தனன் கல்லாவுக்கு மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்: "கப்பல்ல நம்மாளு ஒருத்தன் இருக்கான். என் பேரச் சொல்லச் சொல்லு. தனி எடம் காட்டுவான்."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: இவ்வளவையும் படித்துக்கொண்டு வரும்போது, வடமாலபேட்டை சீனுவின் செல் நம்பர் கிடைத்தால் எதற்கும் வாங்கி வைக்கலாமே என்று உங்கள் மனத்தில் ஒரு கணம் ஓடியதா இல்லையா?

ஓடவில்லை என்பீர்கள். கோவர்த்தனனும் அப்படித்தான் சொல்வார்.