டிரெய்லருக்கு பிரேக் போட்ட தீர்மானம்

மூன்று முதலாளிகளைப் பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்து வந்த தொழிற்சங்கத் தலைவருக்கு, ஓர் அச்சு இயந்திரத்தை மலைச்சரிவில் இறக்குவது பெரிய காரியமா என்ன?

மனைவியின் அச்சகம் அடிவாரத்துக்கு இடம் மாறுகிறது. இயந்திரமும் டிரெய்லருமாக இரண்டரை டன். திங்கட்கிழமை அங்கே வேலை தொடங்காவிட்டால் பள்ளிக்கூட நோட்டு ஆர்டர் கைநழுவிவிடும். "என் ஜீப் இழுக்கும்" என்று அறிவித்துவிட்டார் தலைவர். சங்கம் உடைந்தபோது தோழர்கள் ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். போகாமல் நின்றது ஜீப்தான்.

பட்டறையில் மெக்கானிக் டிரெய்லரை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இறக்கத்துல ஜீப் இழுக்காது தலைவரே. டிரெய்லர்தான் உங்களைத் தள்ளிக்கிட்டுப் போகும்."

"என்னைத் தள்ள இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்!"

"பொறந்து, இரண்டரை டன்னா வளர்ந்து நிக்குதுங்க" என்றாள் மனைவி.

"பெரிய பிக்கப் எடுங்க. டிரெய்லருக்குத் தனியா கரண்ட் பிரேக் போட்டுடலாம். டிரைவர் மிதிச்சா அந்தச் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்" என்றார் மெக்கானிக்.

"பிரேக்காம் பிரேக்! நாற்பது வருஷமா என் ஜீப்பை போலீஸாலேயே நிறுத்த முடியல!"

"அதைத்தாங்க நானும் சொல்றேன். நிக்காது" என்றாள் மனைவி.

மெக்கானிக் இருமிச் சிரிப்பை விழுங்கினார். தலைவர் தரையில் கிடந்த டயர்மேல் ஏறினார். கூட்டம் இரண்டே பேர். அதற்காகக் குரலைக் குறைத்து அவருக்குப் பழக்கமில்லை.

"வேலை செய்யறவங்களுக்குத்தான் முடிவெடுக்கிற உரிமை! யார் ஓட்டறாங்களோ, அவங்க சொல்றதுதான் வண்டி, அவங்க சொல்றதுதான் பிரேக். இது தீர்மானம்!"

"ஆதரிக்கிறேன்" என்று மனைவி கையைத் தூக்கினாள். மெக்கானிக்கும் தூக்கினார்.

எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறிய அவருடைய முதல் தீர்மானம். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த எடைக்குக் கனரக லைசென்ஸ் வேணுமே" என்றார் மெக்கானிக். "இருக்கா தலைவரே?"

இல்லை. மனைவி கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். கனரகம். படத்தில் இருப்பது அவள்.

"இது எப்போ?"

"மூணாவது தடவை உள்ளே போனீங்களே, எட்டு மாசம்? அப்போ தண்ணி லாரி ஓட்டினேன். பிள்ளைங்க சாப்பிடணுமில்ல? மறுபடி எப்போ போவீங்களோன்னு விடாம புதுப்பிச்சுக்கிட்டே வரேன்."

"சொல்லவே இல்லையே?"

"வெளியே வந்தப்புறம் நீங்கதானே பேசிக்கிட்டிருந்தீங்க."

தீர்மானப்படி, ஓட்டப்போகும் அவள் சொன்ன பிக்கப் வந்தது. அவள் சொன்ன பிரேக்கும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலை, இயந்திரம் கீறல்கூடப் படாமல் அடிவாரம் சேர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் தலைவர் வலது காலால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தார்.

"இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைங்க" என்றாள். "பார்த்து, விரல் நசுங்கிடப் போகுது."

ஊரின் சக்கரங்களையெல்லாம் நிறுத்திப் பேர் வாங்கிய தலைவர் நான்கு கல் வைத்தார். அவள் இறங்கி வந்து மூன்றைத் திருத்தி வைத்தாள்.